ஸ்ப்ளிட் ஃபின்ச் வாங்கறதுக்கு முன்னாடி எங்க பாக்கணும், என்ன கேக்கணும்: பெங்களூர்ல புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

பெங்களூர்ல ஃபின்ச் வளர்க்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே உங்க காதுல விழப்போற வார்த்தை ஸ்ப்ளிட், அதாவது ஒரு கலரோட ஜீன் உள்ள இருந்தும் வெளிய தெரியாத பறவை. "இது சாதா க்ரே இல்ல சார், ஸ்ப்ளிட் பைட், அதான் ஆயிரத்து இருநூறு"ன்னு ஒரு ஜோடியை காட்டுவாங்க. பக்கத்து கூண்டுல அச்சு அசலா அதே மாதிரி இன்னொரு ஜோடி அறுநூறு ரூபாய்க்கு இருக்கும். வித்தியாசம் எங்கன்னு கேட்டா தாடைக்கு கீழ ஒரு வெள்ளை இறகை காட்டுவாங்க, இல்லன்னா குஞ்சு எடுத்துப் பாருங்க தெரியும்னு சொல்லி முடிச்சிருவாங்க. இந்த விஷயத்துல தெளிவா தமிழ்ல சொல்லித்தர ஆள் கிடைக்காம, ஆளுக்கு ஒண்ணு சொல்றதை கேட்டு, பணமும் அதைவிட அதிகமா மாசங்களும் போட்டு ஒவ்வொண்ணா சரிபார்த்து கத்துக்கிட்டேன். அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜிநகர் பக்கம் புதுசா கூண்டு வைக்கற நம்ம பசங்க நிறைய பேர் இதே கேள்வியோட வர்றாங்க, அதனால மொத்தமா எழுதிடறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. உடம்புல தெரியற அடையாளம் எந்தப் பறவை மேல சந்தேகப்படலாம்னு சொல்லும், அவ்வளவுதான் (கோல்டியன்ல மட்டும் ரெண்டு விதிவிலக்கு, கீழ சொல்றேன்). நிரூபிக்கறது ரெண்டே ரெண்டு விஷயம், ஒண்ணு அப்பா அம்மா யாருங்கற பதிவு, இன்னொண்ணு அதோட குஞ்சு.

1. முதல்ல அந்த கலர் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க

ஒவ்வொரு ஜீனும் பறவைக்கு ரெண்டு காப்பி, அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு. ரிசெஸிவ் கலரா இருந்தா ரெண்டு காப்பியும் இருந்தாதான் வெளிய தெரியும். ஒண்ணு மட்டும் இருந்தா பறவை சாதா கலர்லயே இருக்கும், ஜீன் உள்ள இருக்கும். அதுதான் ஸ்ப்ளிட். ஜீப்ரா ஃபின்ச்ல பைட் (வெள்ளைத் திட்டு), வெள்ளை, பெங்குயின், பிளாக் பிரெஸ்ட், ஆரஞ்ச் பிரெஸ்ட் எல்லாம் இந்த வகை, இதுல ஆணும் ஸ்ப்ளிட்டா இருக்கலாம், பெண்ணும் இருக்கலாம்.

ரெண்டாவது வகை செக்ஸ் லிங்க்டு. ஜீப்ரால ஃபான் (பழுப்பு), லைட்பேக், அப்புறம் செஸ்ட்நட் ஃபிளாங்க்டு ஒயிட், இதை எல்லாரும் சி.எஃப்.டபிள்யூன்னுதான் சொல்லுவாங்க. இந்த ஜீன்லாம் இசட் குரோமோசோம்ல இருக்கு. பறவைகள்ல ஆணுக்கு ரெண்டு இசட், பெண்ணுக்கு ஒரே ஒரு இசட்தான், கூட ஒரு டபிள்யூ. அப்போ பெண்ணுக்கு ஃபான் ஜீன் ஒண்ணு இருந்தாலே அது ஃபான் கலர்ல தெரிஞ்சிரும், ஒளிச்சு வைக்க இன்னொரு காப்பியே கிடையாது. அதாவது ஸ்ப்ளிட் ஃபான் பெண்ணுன்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல. யாராவது அப்படிச் சொல்லி காசு கேட்டா அவருக்கு விஷயம் தெரியல, இல்லன்னா உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கறாரு. எப்படியிருந்தாலும் அங்க வாங்காதீங்க.

மூணாவது டாமினன்ட். க்ரெஸ்ட், அதாவது தலையில கொண்டை, அப்புறம் டாமினன்ட் சில்வர். ஒரு காப்பி இருந்தாலே தெரியும், அதனால இதுல ஸ்ப்ளிட்ங்கற பேச்சே வராது. அப்பாவுக்கு கொண்டை இருந்து குஞ்சுக்கு இல்லன்னா அந்தக் குஞ்சுகிட்ட அந்த ஜீன் இல்ல. ஆனாலும் "ஸ்ப்ளிட் க்ரெஸ்ட்"னு விக்கறாங்க, கவனமா இருங்க.

இந்த மூணு வகையும் தெரிஞ்சா பாதி ஏமாத்து வேலை உங்ககிட்ட நடக்காது, அதனாலதான் இறகு பாக்கறதுக்கு முன்னாடியே இதை வச்சேன்.

2. வீட்டுக்கு கொண்டு வர்றதுக்கு முன்னாடி பேப்பர்

நம்ம ஊர் சில்லை வகைகள், அதாவது ரெட் முனியா, ஸ்பாட்டட் முனியா, பிளாக் ஹெட் முனியா எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது. பிடிக்கறது விக்கறது வளர்க்கறது எதுவுமே கூடாது. மார்க்கெட்ல "கலர் ஃபின்ச்"னு பச்சை, ரோஸ் சாயம் அடிச்ச குட்டிப் பறவைங்களை காட்டுவாங்க, பெரும்பாலும் அது சாயம் பூசின காட்டு முனியாதான். அதை வாங்கி காப்பாத்தலாம்னு கூட நினைக்காதீங்க, அந்தக் காசுல இன்னும் பத்து பிடிச்சுட்டு வருவாங்க.

ஜீப்ரா ஃபின்ச், கோல்டியன், பெங்கலீஸ் வளர்க்கலாம், வெளிநாட்டுலேருந்து வந்த வளர்ப்புப் பறவைங்க, இங்கயே கூண்டுல பொரிச்சு வர்றது. ஜாவா ஸ்பாரோ மட்டும் தனி. அது சைட்டிஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதனால 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், குஞ்சு பொரிச்சாலும் தெரிவிக்கணும், கை மாறினாலும் தெரிவிக்கணும். ஜாவா வாங்கறதா இருந்தா விக்கறவரோட பதிவு விவரம் இல்லாம கை வைக்காதீங்க.

எந்தப் பறவையா இருந்தாலும் ஒரு பில் வாங்கிக்கோங்க. தேதி, இனம், கலர், ரிங் (கால் வளையம்) நம்பர், கூண்டுல பொரிச்சதுன்னு ஒரு வரி. கையால எழுதின சீட்டு கூட போதும்.

3. ஜீப்ரா ஃபின்ச்: எங்கெங்க பாக்கணும்

கூண்டுல பறந்துக்கிட்டு இருக்கறப்போ எதுவும் தெரியாது. கையில எடுத்துக் காட்டச் சொல்லுங்க, இல்லன்னா ஒரு சின்ன ஷோ கூண்டுல விட்டு பகல் வெளிச்சத்துல பாருங்க. டியூப்லைட்ல க்ரே எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், மொபைல் டார்ச் அடிச்சா வெளிர் இறகெல்லாம் வெள்ளையா தெரியும், ரெண்டையும் நம்பாதீங்க.

பைட் ஸ்ப்ளிட். இதுதான் அதிகமா விக்கப்படறது, அடையாளமும் இதுக்குத்தான் கொஞ்சம் உண்டு. அலகுக்கு நேர் கீழ தாடைல ஒரு வெள்ளைப் பொட்டு, பின்னந்தலையில ஒண்ணு ரெண்டு வெள்ளை இறகு, றெக்கையில ஒரே ஒரு வெள்ளை இறகு, கால் நகத்துல ஒண்ணு மட்டும் வெளிறி இருக்கறது, இதெல்லாம் பிரீடர்ங்க பாக்கற இடம். இறகை லேசா ஊதிப் பாருங்க, அடியில இருந்தே வெள்ளையா, இல்ல நுனி மட்டும் தேய்ஞ்சு வெளிறியிருக்கான்னு தெரியும். பிறவியிலேயே வந்த வெள்ளை இறகு வேர்லேருந்து சுத்தமா வெள்ளையா இருக்கும். ஆனா கேட்டுக்கோங்க, எந்த வெள்ளையும் இல்லாத ஸ்ப்ளிட் பைட் ஏராளமா இருக்கு, வெள்ளை இறகு இருந்தும் ஸ்ப்ளிட் இல்லாததும் இருக்கு. ரெண்டு பக்கமும் தப்பும்.

ஆரஞ்ச் பிரெஸ்ட் ஸ்ப்ளிட். ஆண்ல மட்டும்தான் பாக்க முடியும். மார்புல குறுக்க போற கருப்புப் பட்டை இருக்கு இல்லையா, அதுக்குள்ள ரெண்டு மூணு ஆரஞ்சு இறகு கலந்திருக்கும், சில நேரம் கண்ணுக்கு கீழ வர்ற கருப்புக் கண்ணீர்க் கோட்டுலயும் துரு நிறத்துல ஒரு சின்ன கலப்பு இருக்கும். முழுசா இறகு மாத்தி முடிச்ச ஆண்ல மட்டும் பாருங்க. குஞ்சு இறகு உதிர்ந்து பெரிய இறகு வர்ற சமயத்துல மார்புப் பட்டை ஒழுங்கில்லாமதான் இருக்கும், அப்போ எல்லாமே ஸ்ப்ளிட் மாதிரி தெரியும்.

பிளாக் பிரெஸ்ட் ஸ்ப்ளிட். விலாவுல இருக்கற வெள்ளைப் புள்ளிங்க வழக்கத்தைவிட நீளமா, பெருசா இருக்கறதையும், வாலோட மேல் பக்கம் கருப்பு வெள்ளை பட்டை உடைஞ்சு நீளவாட்டுல போறதையும் சொல்லுவாங்க. இது நாலஞ்சு சாதா க்ரேயை பக்கத்துல வச்சு ஒப்பிட்டாதான் தெரியும், தனியா ஒரு பறவையை பாத்து சொல்ல முடியாது.

ஃபான், சி.எஃப்.டபிள்யூ ஸ்ப்ளிட் ஆண். வெளிய ஒண்ணுமே தெரியாது, இதுக்கு அடையாளம் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. ஆனா சந்தோஷமான விஷயம், இதுக்கு அடையாளமே தேவையில்ல, அப்பா அம்மா தெரிஞ்சா போதும். அம்மா ஃபானா இருந்தா க்ரே கலர்ல இருக்கற ஒவ்வொரு ஆண் குஞ்சும் நூத்துக்கு நூறு ஸ்ப்ளிட் ஃபான். அப்பா ஃபான், அம்மா க்ரேன்னா பொரிக்கற பெண் எல்லாம் ஃபான், ஆண் எல்லாம் க்ரே ஸ்ப்ளிட் ஃபான். இதுல சந்தேகத்துக்கே இடமில்ல. லைட்பேக் ஆண் வாங்கினா இன்னொண்ணு கவனிங்க, லைட்பேக்கும் சி.எஃப்.டபிள்யூவும் ஒரே இடத்து ஜீனோட ரெண்டு வடிவம், லைட்பேக் அதுல டாமினன்ட், அதனால லைட்பேக் ஆணுக்குள்ள சி.எஃப்.டபிள்யூ ஒளிஞ்சிருக்கலாம்.

கூட்டுக்குள்ளயே பாக்கற ஒரு வழி இருக்கு. பொரிச்ச முதல் ரெண்டு மூணு நாள்ல குஞ்சு கண்ணு மூடிதான் இருக்கும், ஆனா தோல் வழியா கண்ணு தெரியும். சாதா க்ரே குஞ்சுக்கு அந்த இடம் கருப்பா, ஃபான், சி.எஃப்.டபிள்யூ குஞ்சுக்கு சிவப்பு கலந்த வெளிர் நிறமா. சாயங்காலம் அப்பா அம்மா சாப்பிட வெளிய வர்ற நேரத்துல கூட்டுப் பானைக்குள்ள சட்டுனு எட்டிப் பாத்துட்டு நகர்ந்துடுங்க. இது குஞ்சோட கலரைத்தான் சொல்லும், ஆனா அது அப்பாவைப் பத்தின தகவலும் கூட. க்ரே ஆண், க்ரே பெண் ஜோடியில ஒரு குஞ்சுக்கு சிவந்த கண்ணு இருந்து அது ஃபானா வளர்ந்துச்சுன்னா, அந்த ஆண் ஸ்ப்ளிட்டுன்னு அன்னிக்கே நிரூபணம்.

வெள்ளை வாங்கறவங்களுக்கு. சி.எஃப்.டபிள்யூ பெண்ணை வெள்ளைன்னு விக்கறது ரொம்ப சகஜம். கண்ணுக்கு கீழ பாருங்க, சி.எஃப்.டபிள்யூக்கு மெல்லிசா கண்ணீர்க் கோடு இருக்கும், அசல் வெள்ளைக்கு இருக்காது. இது ஏன் முக்கியம்னா அசல் வெள்ளை ஆணையும் சி.எஃப்.டபிள்யூ பெண்ணையும் சேர்த்தா குஞ்சு எல்லாம் க்ரேயா வரலாம், ரெண்டும் வேற வேற ஜீன். "வெள்ளைக்கும் வெள்ளைக்கும் க்ரே பொறந்திருக்கு, வேற ஆண் கூட சேர்ந்திருச்சு"ன்னு குழம்புவாங்க, அப்படி இல்ல. இன்னொண்ணு, வெள்ளை ஒரு போர்வை மாதிரி, கீழ ஃபான் இருந்தாலும் பைட் இருந்தாலும் மூடிடும். அதனால வெள்ளைப் பறவைல ஸ்ப்ளிட் அடையாளம் தேடவே முடியாது. இளசா இருக்கறப்போ முதுகுல சாம்பல் நிறத்துல சில இறகு இருக்கும், அது வெள்ளைக்கு இயல்பு, அதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

4. கோல்டியன்: அலகு நுனியை பாருங்க

கோல்டியன் விலை அதிகம், அதனால இங்க ஏமாந்தா வலி அதிகம். ஆனா ஜீப்ராவைவிட இதுல உறுதியான அடையாளம் ரெண்டு இருக்கு.

முதல்ல கருப்புத் தலை. ஆரஞ்சுத் தலைக்கான ஜீன் ரிசெஸிவ், அதை யெல்லோ ஹெட்ன்னும் சொல்லுவாங்க. கருப்புத் தலைப் பறவைக்குள்ள அந்த ஜீன் ரெண்டு காப்பி இருந்தாலும் தலை கருப்பாத்தான் இருக்கும், ஏன்னா கருப்பு அதை மூடிடும். ஆனா அலகு நுனி காட்டிக் கொடுத்துடும். நுனி சிவப்பா இருந்தா அது சாதாவா இருக்கலாம், ஒரு காப்பி மட்டும் உள்ளதாவும் இருக்கலாம். நுனி மஞ்சளா ஆரஞ்சா இருந்தா ரெண்டு காப்பியும் இருக்கு. இதை கண்ணால பாத்தே நம்பலாம். பெண்ல பாக்கறப்போ ஒரு எச்சரிக்கை, முட்டை வைக்கற பருவம் வந்தா பெண்ணோட அலகு முழுக்க கருத்துடும், நுனி நிறம் மங்கிடும். அப்போ பாத்து முடிவு பண்ணாதீங்க, பருவம் முடிஞ்சு அலகு வெளுத்ததும் பாருங்க.

ரெண்டாவது யெல்லோ பாடி. இது செக்ஸ் லிங்க்டு, ஆனா ஆண்ல பாதி டாமினன்ட். ஊதா நெஞ்சுள்ள ஆணுக்கு ஒரு காப்பி இருந்தா முதுகு வெளிர் பச்சையா இருக்கும், டைலூட்னு சொல்லுவாங்க. ரெண்டு காப்பி இருந்தா முழு மஞ்சள். ஆனா வெள்ளை நெஞ்சா இருந்தா ஒரு காப்பி ஆண் கூட மஞ்சளாவே தெரியும், அங்க கண்ணை நம்ப முடியாது, அப்பா அம்மா என்னன்னு கேக்கணும். பெண் பச்சைன்னா பச்சை, மஞ்சள்னா மஞ்சள், நடுவுல ஒண்ணும் கிடையாது.

சிவப்புத் தலை கருப்புத் தலை விஷயமும் செக்ஸ் லிங்க்டுதான், சிவப்பு டாமினன்ட். சிவப்புத் தலை ஆணுக்குள்ள கருப்பு ஒளிஞ்சிருக்கலாம், அதோட அம்மா கருப்புத் தலைன்னா கண்டிப்பா ஒளிஞ்சிருக்கு. சிவப்புத் தலை பெண்ணுக்குள்ள ஒளிய இடமில்ல.

ஸ்ப்ளிட் ப்ளூதான் பெரிய வியாபாரம். ப்ளூ ரிசெஸிவ், ஆணும் பெண்ணும் ஸ்ப்ளிட் ஆகலாம். கழுத்துல ஒரு இறகு நீலமா இருக்கு பாருங்கன்னு காட்டுவாங்க. சில பேர் அதை நம்பி ஜோடி போடறாங்க, நான் அதுக்கு ஒரு ரூபா கூட அதிகம் தரமாட்டேன். அப்பாவோ அம்மாவோ ப்ளூன்னு கண்ணால பாத்தா மட்டும் தருவேன். ஸ்ப்ளிட் ஒயிட் பிரெஸ்ட்டும் அப்படித்தான், ஊதா கொஞ்சம் வெளுத்திருக்குங்கறதெல்லாம் கணக்குல வராது, பெண்ணுக்கு இயல்பாவே ஊதா வெளிர்தான்.

இளம் கோல்டியன் சாம்பல் பச்சை கலர்லதான் இருக்கும். அந்த வயசுல "ரெட் ஹெட் ஸ்ப்ளிட் ப்ளூ"ன்னு விக்கறவர் அப்பா அம்மாவை காட்டினா வாங்குங்க, இல்லன்னா தலை நிறமாவது தெரிய இறகு மாத்தற வரைக்கும் காத்திருங்க.

பெங்கலீஸ்ல வெள்ளைத் திட்டு எல்லா அளவுலயும் வரும், அதுல ஸ்ப்ளிட் பைட் தேடறது வீண் வேலை.

5. ஸ்ப்ளிட் மாதிரியே தெரியற, ஆனா இல்லாத விஷயங்கள்

காயம் பட்ட இடம். ஆண் பறவைங்க சண்டை போட்டு பின்னந்தலையில கொத்திக்கும், அந்த வேர் கெட்டுப்போச்சுன்னா அடுத்து வர்ற இறகு வெள்ளையா வரலாம். பின்னந்தலைதான் ஸ்ப்ளிட் பைட் பாக்கற இடமும், அதனால இங்க அதிகமா ஏமாறுவாங்க. தோலைப் பாருங்க, வழுக்கையோ தழும்போ பக்கத்துல இருந்தா அந்த வெள்ளைக்கு மதிப்பில்ல.

கருத்துப் போன இறகு. வெயிலே படாத இடத்துல, ஈரமான மூலையில, சத்தில்லாத தீனியில வளர்ற ஃபின்ச்சுக்கு இறகு கருப்படிக்கும். நம்ம ஊர் அபார்ட்மென்ட் யூட்டிலிட்டி பக்கம் வைக்கற கூண்டுல இதை நிறைய பாக்கலாம். பிளாக் பிரெஸ்ட் ஸ்ப்ளிட், பிளாக் ஃபேஸ் ஸ்ப்ளிட்டுன்னு இதை விக்க முடியும். காலை வெயில் கொஞ்ச நேரம், முட்டை உணவு, கடல் நுரை (கணவாய் மீன் ஓடு) குடுத்து அடுத்த இறகு உதிர்வு வரைக்கும் பாருங்க, ஜீன்னா திரும்ப வரும், சத்துக்குறைன்னா போயிடும்.

வெயில்ல வெளுத்த இறகு, கூண்டுக் கம்பியில தேய்ஞ்ச வால், உடைஞ்சு வெளிறின நகம், இதெல்லாம் கூட அதே கதைதான்.

6. விக்கறவர்கிட்ட கேக்க வேண்டியது, விலை

ரஸல் மார்க்கெட் பக்கம் கடைகள்ல பறவை பல இடத்துலேருந்து வந்து சேரும், அங்க அப்பா அம்மா கேட்டா யாருக்கும் தெரியாது, அது அவங்க தப்பும் இல்ல. கடைல சாதா கலர் விலைக்கு சாதாவா வாங்குங்க. ஸ்ப்ளிட்டுன்னு கூடுதல் காசு குடுக்கறதா இருந்தா வீட்ல பொரிக்க வைக்கற பிரீடர்கிட்ட மட்டும் போங்க, நேர்ல போங்க.

கேக்க வேண்டியது இவ்வளவுதான்: அப்பா அம்மா எந்தக் கூண்டுல இருக்கு, காட்டுவீங்களா? கூடப் பொறந்ததுல விஷுவல், அதாவது அந்தக் கலர் வெளியவே தெரியற பறவை, வந்திருக்கா? தனிக் கூண்டா, பல ஜோடி ஒண்ணா இருக்கற காலனியா? ரிங் போட்டிருக்கீங்களா?

மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். காலனி கூண்டுல ஜீப்ரா பெண் பக்கத்து பானைல போய் முட்டை வச்சிட்டு வரும், ஜோடி இருந்தாலும் வேற ஆண் கூடவும் சேரும். அங்க "இதுதான் அப்பா"ன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல. ஒருத்தர் வீட்ல பெரிய ஏவியரியை காட்டி "அந்த ப்ளூ ஆணோட புள்ளைங்க எல்லாம் இது"ன்னாரு. "எப்படிண்ணா தெரியும்?"னு கேட்டேன். "அதான் தம்பி எப்பவும் அந்தப் பானைல உக்காந்திருக்கும்"னாரு. நல்ல மனுஷன், பொய் சொல்லல, ஆனா அது ஆதாரம் இல்ல.

விலையைப் பொறுத்தவரை நான் பாத்த வரைக்கும் சாதா ஜீப்ரா ஜோடி ஐநூறுலேருந்து எண்ணூறு, பைட், பிளாக் பிரெஸ்ட் மாதிரி விஷுவல் ஜோடி ஆயிரத்துக்கு மேல, கோல்டியன் ஜோடி சில ஆயிரங்கள், இடத்துக்கு இடம் மாறும். ஸ்ப்ளிட்டுக்கு விஷுவலோட விலைல பாதிக்கு மேல குடுக்காதீங்கங்கறது என் கணக்கு, ஏன்னா நிரூபிக்கற வேலையும் மாசக்கணக்குல தீனியும் உங்க தலைலதான் விழுது. பல நேரம் கொஞ்சம் கூடப் போட்டு ஒரு விஷுவலையே வாங்கிடறது லாபம்.

டி.என்.ஏ டெஸ்ட் பண்ணி வச்சிருக்கோம்னு சர்டிபிகேட் காட்டினா வாங்கிப் படிங்க. இங்க வழக்கமா பண்றது ஆணா பெண்ணான்னு பாக்கற டெஸ்ட். அதுல ஸ்ப்ளிட் பத்தி ஒரு வரி கூட இருக்காது.

7. நிரூபிக்கற வழி: டெஸ்ட் ப்ரீடிங்

முதல்ல பெண்ணைத் தனியா வைங்க. ஜீப்ரா பெண் உடம்புக்குள்ள பழைய ஆணோட விந்து பத்துப் பன்னெண்டு நாளைக்கு உயிரோட இருக்கும், அதனால குறைஞ்சது மூணு வாரம் எந்த ஆணும் இல்லாம இருக்கணும். இதை விட்டுட்டு உடனே ஜோடி போட்டா முதல் ஈடு (ஒரே தடவை அடை காத்துப் பொரிக்கற) குஞ்சு யாருதுன்னே தெரியாது.

அப்புறம் ஒரு கூண்டுல ஒரே ஜோடி. பதினெட்டு இன்ச் கூண்டு ஒண்ணு, மண் பானையோ மரப்பெட்டியோ ஒண்ணு, தேங்காய் நார். கூண்டு ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும், தினை ஜோடிக்கு மாசம் அரை கிலோ கூட ஆகாது, முட்டை உணவும் கடல் நுரையும்தான் மத்த செலவு. வயசு ஆறு மாசத்துக்கு கீழ இருந்தா காத்திருங்க.

யாரோட சேர்க்கறது? ரிசெஸிவ் கலருக்கு, சந்தேகப்படற பறவையை அதே கலர் விஷுவலோட சேருங்க. ஸ்ப்ளிட்டா இருந்தா ஒவ்வொரு குஞ்சுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரே ஒரு குஞ்சு விஷுவலா வந்தா போதும், வேலை முடிஞ்சது. வரலன்னா எப்போ கைவிடறது? உண்மையாவே ஸ்ப்ளிட்டா இருந்தும் வரிசையா 5 குஞ்சு சாதாவா வர்றதுக்கு வாய்ப்பு 32ல 1, அதாவது 3 சதவீதம். 7 குஞ்சு சாதான்னா 128ல 1. நான் 7ல நிறுத்திடுவேன்.

ரெண்டும் ஸ்ப்ளிட்டாம்னு சொல்லி ஒரு ஜோடியை வாங்கியிருந்தா கணக்கு கஷ்டம். நாலுல ஒண்ணுதான் விஷுவல். உண்மையாவே ஸ்ப்ளிட் ஜோடியா இருந்தும் வரிசையா 10 குஞ்சு சாதாவா வர்றதுக்கு 5 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்கு, 16 வரைக்கும் போனாதான் 1 சதவீதத்துக்கு வரும். அது மூணு நாலு ஈடு. அதனால எப்பவும் விஷுவல் ஒண்ணோட டெஸ்ட் பண்ணுங்க. ஸ்ப்ளிட் ஜோடில வர்ற சாதாக் குஞ்சுகள்ல மூணுல ரெண்டு ஸ்ப்ளிட், எதுன்னு தெரியாது. "66 பர்சென்ட் ஸ்ப்ளிட்"னு எழுதறது இதைத்தான், பறவைக்குள்ள அறுபத்தாறு சதவீத ஜீன் இருக்குன்னு அர்த்தம் இல்ல.

ஸ்ப்ளிட் ஃபான்னு சந்தேகப்படற ஆணை ஃபான் பெண்ணோட சேருங்க, அப்போ ஆண் பெண் ரெண்டு குஞ்சும் கணக்குல வரும். க்ரே பெண்ணோட சேர்த்தா பெண் குஞ்சு மட்டும்தான் பேசும், எண்ணிக்கை பாதியாயிடும்.

நேரம் எவ்வளவு ஆகும்? ஜோடி போட்டு முட்டைக்கு ஒண்ணு ரெண்டு வாரம், அடை 12லேருந்து 14 நாள், குஞ்சு வெளிய வர மூணு வாரம் கிட்ட, தானா சாப்பிட இன்னும் ரெண்டு வாரம். பைட், ஃபான், வெள்ளை எல்லாம் இறகு முளைக்கறப்பவே தெரிஞ்சிரும். ஆரஞ்ச் பிரெஸ்ட், பிளாக் பிரெஸ்ட்டுக்கு மூணு மாசம் ஆகி பெரிய இறகு வந்தாதான் சரியா தெரியும், அவசரப்பட்டு வித்துடாதீங்க. கோல்டியனுக்கு இன்னும் பொறுமை வேணும், அடையே ரெண்டு வாரத்துக்கு மேல, இறகு மாறி முடிய பல மாசம். ஜீப்ரால ஒரு பறவையை டெஸ்ட் பண்ணி முடிக்க நாலஞ்சு மாசம்னு வச்சுக்கோங்க.

எப்போ ஆரம்பிக்கறது? டிசம்பர் ஜனவரி ராத்திரி பெங்களூர் குளிர்ல பால்கனியில பெண்ணுக்கு முட்டை அடைச்சுக்கும், உயிருக்கே ஆபத்து. தீபாவளியை ஒட்டி பானை வைக்காதீங்க, வெடிச் சத்தத்துக்கு அடையை விட்டு எழுந்து போயிடும், முட்டை ஆறிப்போயிடும். பிப்ரவரி நடுவுல ஆரம்பிச்சா நல்லது, ஏப்ரல்ல நேர் வெயில் மட்டும் விழாம பாத்துக்கணும். மூணு ஈடுக்கு மேல தொடர்ந்து விடாதீங்க, பானையை எடுத்துட்டு பெண்ணுக்கு ஓய்வு குடுங்க.

ரெண்டு விதமான ஜோடி போடவே கூடாது. கொண்டையும் கொண்டையும் சேர்த்தா ரெண்டு காப்பி வாங்கின கரு முட்டைலயே செத்துரும். அப்புறம் டெஸ்ட்டுக்கு வேற விஷுவல் கிடைக்கலன்னு அண்ணன் தங்கச்சியை தொடர்ந்து ஜோடி போடறது. கலர் வரும், கூடவே பலவீனமும் வரும். ரெண்டு மாசம் தள்ளிப்போனாலும் வெளியிலேருந்து ஒரு பறவை வாங்குங்க.

8. நோட்டும் ரிங்கும்

பொரிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல மூடின ரிங் போட்டுடணும், அதுக்கப்புறம் கால் பெருசாயிடும். விட்டுட்டா கலர் பிளாஸ்டிக் ரிங், அதுல ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கலர். ரிங் இல்லாம குஞ்சு அப்பா அம்மா கூண்டை விட்டு வெளிய வரக்கூடாது, ஒரே சைஸ் க்ரே குஞ்சு ரெண்டு ஈடு கலந்துட்டா திரும்பப் பிரிக்கவே முடியாது.

நோட்டுல ஜோடிக்கு ஒரு பக்கம். ஆண் ரிங், பெண் ரிங், ஜோடி போட்ட தேதி, முதல் முட்டை, பொரிச்ச தேதி, குஞ்சு ஒவ்வொண்ணோட ரிங், கலர், ஆணா பெண்ணா. செத்துப்போன குஞ்சையும் எழுதுங்க, இறகு முளைச்சு கலர் தெரிஞ்சிருந்தா அதுவும் கணக்குல சேரும். வெள்ளை இறகு மாதிரி அடையாளம் இருந்தா போட்டோ எடுத்து ரிங் நம்பரோட வச்சிருங்க, இறகு உதிர்வு முடிஞ்சதும் அதே இடத்தை மறுபடி போட்டோ எடுங்க. கொஞ்ச நாள் இப்படிப் பண்ணினா உங்க கூண்டுல எந்த அடையாளம் வேலை செய்யுது எது செய்யலன்னு உங்களுக்கே தெரியும், ஏன்னா ஒவ்வொருத்தர் பறவை வழியும் வேற.

9. நீங்க குடுக்கறப்போ சீட்டுல என்ன எழுதறது

ரிசெஸிவ் கலர்ல, விஷுவல் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பொறந்த சாதாக் குஞ்சுன்னா "ஸ்ப்ளிட் பைட், அப்பா பைட், ரிங் நம்பர் இது"ன்னு எழுதுங்க, அது உறுதி. ஸ்ப்ளிட் ஜோடிக்கு பொறந்ததுன்னா "மூணுல ரெண்டு வாய்ப்பு"ன்னு எழுதுங்க. ஒரு பக்கம் மட்டும் ஸ்ப்ளிட், இன்னொண்ணு சாதான்னா "பாதி வாய்ப்பு". வெள்ளை இறகு மட்டும்தான் இருக்கு, அப்பா அம்மா தெரியாதுன்னா சீட்டுல "க்ரே"ன்னு மட்டும் எழுதி, க்ரே விலைக்கே குடுங்க.